சாலை யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது: ஓர் எளிய அறிமுகம்

"எங்க ஊர் ரோட்டை எப்பத்தான் அகலப்படுத்துவாங்க?" தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். யாராவது ஒருவர் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்திருப்பார். கொஞ்ச நாள் கழித்து, மேற்படி சாலை இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் பல நேரம் அந்தப் பதில் உண்மைதான், மனு போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. ஒரு சாலைத் திட்டம் எந்தக் கணக்கில் தேர்வாகிறது, எந்த நிதியில் நடக்கிறது என்று தெரிந்தால், யாரிடம் எப்போது கேட்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

முதலில், அந்தச் சாலை யாருடையது?

ஒரே ஊருக்குள் நான்கைந்து அமைப்புகளின் சாலைகள் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுடையது. அதிலும் ஒரு பகுதியைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நேரடியாகப் பார்க்கும், இன்னொரு பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறைக்குள் இருக்கும் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகிய மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஊராட்சிச் சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருபவை. நகருக்குள் இருக்கும் தெருக்கள் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்கு. காட்டுக்குள் போகிற பாதை என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் யாரும் ஒரு கூடை ஜல்லி கொட்ட முடியாது.

ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மாவட்டச் சாலைகளில் கறுப்போ நீலமோ இருக்கும்.

இந்த உரிமை மாறவும் செய்யும். கிழக்குக் கடற்கரைச் சாலை பல ஆண்டுகள் மாநில நெடுஞ்சாலை எண் 49 ஆக இருந்தது. பிறகு மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான பகுதி 332ஏ என்ற எண்ணோடு தேசிய நெடுஞ்சாலை ஆகி, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அதை நான்கு வழியாக்கும் வேலையில் இறங்கியது. சாலை அதே சாலைதான், ஆனால் செலவுக் கணக்கு, நில எடுப்புச் சட்டம், புகார் கொடுக்க வேண்டிய அலுவலகம் எல்லாம் மாறிவிட்டன. சின்ன அளவில் இதே காரியம் கிராமங்களில் நடக்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தினால் அது நெடுஞ்சாலைத் துறைக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், பஸ் ஓடுகிற ஒன்றியச் சாலை உள்ள ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தர உயர்வைத்தான். ஒன்றியத்தின் கையில் இருக்கும் பணம் அவ்வளவு சின்னது.

எந்தச் சாலை முதலில் என்று எப்படி முடிவாகிறது?

அமைச்சர் நினைத்தால் நடக்கும், எம்.எல்.ஏ. பிடிவாதம் பிடித்தால் நடக்கும் என்பது பொதுவான எண்ணம். அரசியல் அழுத்தத்துக்கு இதில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோப்பு நகர வேண்டுமானால் அதில் ஒரு எண் இருந்தாக வேண்டும். அந்த எண் பிறப்பது போக்குவரத்துக் கணக்கெடுப்பில்.

சாலை ஓரத்தில் ஒரு கூரைக்குக் கீழே இரண்டு மூன்று பேர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து போகிற வருகிற வண்டியையெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இப்போது பல இடங்களில் கேமரா வைத்து எண்ணுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர்கள் அமைப்பின் நெறிமுறைப்படி ஏழு நாள், இரவு பகலாக, வண்டி வகைவாரியாக எண்ண வேண்டும், அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை: அறுவடையும் சந்தையும் களைகட்டும் காலத்தில் ஒன்று, மந்தமான காலத்தில் ஒன்று. பிறகு எல்லா வண்டியையும் ஒரே அளவுக்கு மாற்றுவார்கள். அதற்குப் பி.சி.யு. என்று பெயர், அதாவது ஒரு காரை அளவாக வைத்த அலகு. ஒரு கார் என்றால் 1. இருசக்கர வண்டி 0.5. பஸ்ஸும் லாரியும் 3. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் 4.5. மாட்டு வண்டி 8! மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவர்களை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

அப்புறம் சாலையின் அகலம். 3.75 மீட்டர் என்றால் ஒருவழித்தடம், சமவெளியில் ஒரு நாளைக்குச் சுமார் 2,000 பி.சி.யு. தாங்கும். 5.5 மீட்டர் இடைவழித்தடம், 6,000 வரை தாங்கும். 7 மீட்டர் இருவழித்தடம் 15,000 வரை. இதைத் தாண்டினால் கடினப் புருவங்களோடு (இரு ஓரங்களும் தார் போட்டு உறுதியாக்கிய) கூடிய இருவழித்தடம், அல்லது நான்கு வழி என்று பேச்சு ஆரம்பிக்கும். இன்றைய எண்ணிக்கை மட்டும் போதாது, இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எவ்வளவு வரும் என்றும் பார்ப்பார்கள். இன்று 8,000 பி.சி.யு. ஓடும் ஒரு சாலையில் ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்தாம் ஆண்டில் 16,600-ஐத் தாண்டிவிடும். இன்றைக்குக் காலியாகத் தெரிகிற ரோட்டை ஏன் அகலப்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது.

புறவழிச்சாலை வேண்டுமா என்று பார்க்க இன்னொரு ஆய்வு உண்டு. போலீஸ் உதவியோடு வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு என்று கேட்பார்கள். ஊருக்குள் நெரிசலாக இருக்கிறதே, புறவழிச்சாலை போட்டால் தீர்ந்துவிடும் என்று நாம் நினைப்போம். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகள் அந்த ஊர்ச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறவையாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் ஊருக்கு வெளியே எத்தனை கோடிக்குச் சாலை போட்டாலும் கடைவீதி நெரிசல் குறையாது.

இந்தக் கணக்கு முறையில் எனக்கு இரண்டு பெரிய குறைகள் தெரிகின்றன. ஒன்று, இது வண்டியை எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை. அறுபது பேர் பயணம் செய்யும் டவுன் பஸ் இந்தத் தாளில் மூன்று கார் அளவுக்கு இடத்தை அடைக்கும் பொருள், அவ்வளவுதான். அதில் இருக்கும் அறுபது பேரும் ஆளுக்கொரு வண்டியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்தத் தாளில் இல்லை. சாலை, பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட ஒரே அமைப்பு வேண்டும் என்று சென்னைக்காக 2010-இல் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் கொண்டுவந்ததற்கும் இந்தப் பிரச்சினைதான் பின்னணி. சட்டம் வந்தும் குழுமம் முறையாகக் கூடி வேலை தொடங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

இரண்டாவது குறை ஏழைக் கிராமங்களைப் பற்றியது. உலக வங்கி மாதிரியான இடங்களில் கடன் கேட்கும்போது, போடும் பணத்துக்கு எரிபொருள் மிச்சம், நேர மிச்சம், வண்டித் தேய்மானம் குறைவது எல்லாம் சேர்ந்து என்ன பலன் வருகிறது என்று சதவீதத்தில் காட்ட வேண்டும். வண்டியே போகாத கிராமத்துக்கு எதை மிச்சம் என்று காட்டுவது? அதனால்தான் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வேறு அளவுகோலை வைத்தது: சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப்பகுதியில் 250 பேருக்கு மேல் இருக்கும் குடியிருப்பு என்றால் எந்தப் பருவத்திலும் வண்டி போகும்படி ஒரு சாலை. போக்குவரத்துக் கணக்கு அங்கே முதல் நிபந்தனை இல்லை. அந்த ஒரு முடிவு நாடு முழுக்க எத்தனையோ ஊர்களுக்கு ஆம்புலன்ஸைக் கொண்டு வந்தது.

பணம்

சாலைக்குப் பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மாநில அரசின் சொந்தப் பணத்தில் நடப்பவற்றில் முக்கியமானது ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். அகலப்படுத்துதல், பலப்படுத்துதல், பாலம், தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக்குதல் என்று மாவட்டங்களில் நாம் பார்க்கும் பெரும்பாலான வேலைகள் இதில் வரும். ஊராட்சிச் சாலைகளுக்கு 2022-23இல் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் வந்தது, முதல் கட்ட இலக்கு 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் தொடக்கத்தில் கட்டுமானச் செலவு முழுவதும் மத்திய அரசுடையதாக இருந்தது, 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று மாறி, மாநிலமும் பங்கு போட வேண்டியதாயிற்று.

நீங்கள் பெட்ரோல் போடும்போதெல்லாம் சாலைக்கென்று ஒரு வரி கொடுக்கிறீர்கள். அது மத்தியச் சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதிக்குப் போகிறது. அதற்கான சட்டம் 2000-இல் வந்தது. அந்த நிதியில் ஒரு பகுதியை, எரிபொருள் பயன்பாட்டையும் பரப்பளவையும் வைத்து மாநிலச் சாலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி நபார்டு, அதாவது வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி. வங்கிகள் விவசாயம் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு இத்தனை சதவீதம் கடன் கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. கொடுக்கத் தவறினால் அந்தக் குறைவை நபார்டு வங்கியில் போட வேண்டும். 1995-96இல் தொடங்கிய ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி இப்படிச் சேர்ந்ததுதான். மாநிலங்கள் அதிலிருந்து கடன் வாங்கி கிராமப் பாலமும் சாலையும் கட்டுகின்றன. ஓடை குறுக்கிடுகிறது, மழைக்காலத்தில் ஊர் தனித்தீவு ஆகிவிடுகிறது என்கிற மாதிரி இடங்களில் புதிதாக ஒரு பாலம் வந்திருந்தால் பெயர்ப்பலகையைப் பாருங்கள், நபார்டு என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அப்புறம் வெளிநாட்டுக் கடன். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்காக ஆசிய வளர்ச்சி வங்கியோடு 2021 ஜூனில் 48.4 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த. இந்தக் கடனில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பட்டா இல்லாமல் சாலை ஓரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கும், நிலத்துக்கு இல்லாவிட்டாலும் கட்டிடத்துக்கும் பிழைப்புக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அந்த வங்கிகளின் விதி சொல்கிறது. மாநிலப் பணத்தில் நடக்கிற வேலையில் அதே கடைக்காரர் ஆக்கிரமிப்பாளர் என்ற நோட்டீஸை மட்டும் வாங்கிக்கொண்டு போக நேரலாம். உங்கள் கடை அகலப்படுத்தும் பாதையில் இருந்தால், இது எந்த நிதி என்று முதல் நாளே விசாரியுங்கள்.

தனியார் பணம் என்று சொல்வது கடைசியில் நம்மிடமிருந்தோ அரசிடமிருந்தோ திரும்பி வாங்கப்படும் பணம்தான். சுங்க முறையில் நிறுவனம் கட்டும், பல ஆண்டு டோல் வசூலிக்கும். ஆண்டுத்தொகை முறையில் டோல் ஓடுகிறதோ இல்லையோ, அரசு தவணை தவணையாகக் கொடுக்கும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அப்படிக் கட்டியது. அரசே பணம் கொடுத்துக் கட்டுவதையும் ஆண்டுத்தொகை முறையையும் கலந்த கலப்பு முறை 2016 முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் பரவலாக இருக்கிறது: 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு கொடுத்துவிடும், மீதியை 15 ஆண்டுகளில். டோல் வைத்த சாலை என்றால் போட்ட பணம் தானாக வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பழைய மகாபலிபுரம் சாலையில் 2021-இல் பெருங்குடி உள்ளிட்ட சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள், அந்த வருமானம் அதோடு நின்றது.

சட்டமன்றத்தில் ஒரு சாலைக்கு 500 கோடி என்று அறிவித்தால், இந்த ஆண்டே 500 கோடி ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அது மொத்த மதிப்பீடு. முதல் ஆண்டில் விரிவான திட்ட அறிக்கைக்கும் நில எடுப்புக்கும் மட்டும் சிறு தொகை வைப்பார்கள். அறிவிப்பு, நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று வரிசையாகப் போக வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே பட்டாசு வெடிப்பவர்களிடம் நான் சொல்வது, அரசாணை எண் என்ன என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் அது இன்னும் ஆசை நிலையில்தான் இருக்கிறது.

பெரிய திட்டங்களில் மத்திய, மாநிலப் பங்கு முடிவாகாமல் இழுத்தால் சுமை எங்கே விழும் என்பதற்குச் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நல்ல உதாரணம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. 2024 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது, அதுவரை பெரும்பகுதி மாநிலத்தின் தலையில்.

நிலம்தான் பாதித் திட்டம்

பணம் இருந்தும் நிற்கும் திட்டங்கள் பெரும்பாலும் நிலத்தில் நிற்கின்றன. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள். அதில் 3ஏ அறிவிப்பு என்பது நிலம் எடுக்க உத்தேசம் என்ற முதல் அறிவிப்பு. இரண்டு செய்தித்தாளில் வர வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். பொடி எழுத்தில், கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் வரிசை வரிசையாக இருக்கும். அது வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். அடுத்தது 3டி, நிலம் எடுப்பதை உறுதி செய்யும் அறிவிப்பு. அது வெளியான நொடியில் நிலம் அரசுக்குப் போய்விடும், அதன் பிறகு பேச்சு இழப்பீட்டைப் பற்றி மட்டும். அந்த 21 நாளைத் தவறவிட்டுவிட்டு, அளவைக்கல் நடும்போது மறிக்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை எல்லோருக்கும் நினைவிருக்கும். 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உத்தேச அறிவிப்பு செல்லும், அந்தக் கட்டத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை என்றது. ஆனால் நிலத்தை முறைப்படி எடுக்கும் முன்பே வருவாய் ஆவணங்களில் பெயரை மாற்றியது தப்பு, திரும்ப மாற்றுங்கள் என்றும் சொன்னது. சட்டத்தில் ஒவ்வொரு படியும் தனித்தனி என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகக் காட்டியது.

நிறுத்தி வைப்பதற்கும் விலை உண்டு. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு சுமார் 1,800 கோடி. கூவம் ஆற்றுக்குள் வரும் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் அப்படியே நின்றன. 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டியபோது 5,850 கோடிக்கு மேல். ஆற்றைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. அதைத் தூண் நடும் முன்பே, வரைபடம் மேசையில் இருந்தபோதே கேட்டுத் தீர்த்திருக்க வேண்டும்.

போட்ட சாலையைப் பார்த்துக்கொள்வது

புதுச் சாலைக்கு அடிக்கல், திறப்பு விழா எல்லாம் உண்டு. பராமரிப்புக்கு விழா கிடையாது, அதனால் எந்த அரசிலும் வெட்டு முதலில் விழுவது அங்கேதான். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் கட்டிய ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும், சாலையின் தொடக்கத்தில் நீளம், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் பெயர், முடிந்த தேதி எல்லாம் எழுதிய பலகை இருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து ஐந்தாண்டு முடியவில்லையென்றால் குழியை மூடுவது அவர் பொறுப்பு, அதற்குப் புது நிதி கேட்டு அலைய வேண்டியதில்லை. நெடுஞ்சாலைத் துறையும் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, சாலையை இத்தனை ஆண்டு நல்ல நிலையில் வைத்திருந்தால்தான் பணம் என்ற ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது.

தெருச்சாலைகளில் வேறு கவலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் இயந்திரம் வந்து நிற்கும்போது சுரண்டும் வேலை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, மனு எப்படி எழுதுவது? "எங்கள் ஊர்ச் சாலை மிகவும் மோசமாக உள்ளது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது கோப்பு கோப்பாகச் சுற்றும். இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரையிலான மாவட்ட இதர சாலை, கி.மீ. 4/200 (நான்கு கிலோமீட்டர் 200 மீட்டர்) முதல் 6/800 வரை, தற்போதைய அகலம் 3.75 மீட்டர், தினம் இத்தனை பஸ் நடை, ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், கி.மீ. 5/400-இல் உள்ள தரைப்பாலம் மழைக்காலத்தில் மூழ்குகிறது, இடைவழித்தடமாக அகலப்படுத்தி அங்கே உயர்மட்டப் பாலம் வேண்டும் என்று எழுதுங்கள். கலெக்டருக்கு ஒன்று, நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒன்று. மதிப்பீடு எழுதத் தொடங்குவது அந்த அலுவலகம்தான், நீங்கள் கொடுத்த கிலோமீட்டர் எண்ணை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியும். பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில், கோட்டங்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் தயாரிக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை (ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது) சட்டமன்றத்துக்கு வந்து கொள்கை விளக்கக் குறிப்பு அச்சாகிவிட்டால், அந்த ஆண்டுப் பட்டியலில் புதிதாக நுழைவது கஷ்டம்.